காற்றை அளந்த பிறகே காலடி

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு வாயுக் கசிவு நடந்தால் முதலில் ஓடிவருபவரின் கையில் என்ன இருக்க வேண்டும்?

2024 ஏப்ரல் 30. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தனியார் பேருந்து 13-ஆவது கொண்டை ஊசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு சரிவில் உருண்டது. போய் விழுந்த இடம் 11-ஆவது வளைவு. உயிர்கள் போயின, பலர் படுகாயமடைந்தார்கள். வேகம், பிரேக், தடுப்புச் சுவரின் உறுதி என்று அதன்பின் நிறையப் பேசப்பட்டது. பேச வேண்டியவைதான். அந்த விபத்து இன்னொரு உண்மையையும் காட்டியது. அடிவாரத்திலிருந்து மேலே 20 வளைவுகளைச் சாலை சுற்றிச் சுற்றி இணைக்கிறது. சரிவோ அவற்றை நேர்கோட்டில் இணைக்கிறது. மேல் வளைவில் கொட்டுவது எதுவானாலும், சாலையைப் பற்றிக் கவலைப்படாமல் கீழ் வளைவுக்கு வந்து சேரும்.

இதே பாதையில்தான் மலைக்கு வேண்டிய சமையல் எரிவாயு சிலிண்டர்கள் ஏறுகின்றன. பெட்ரோலும் டீசலும் ஏறுகின்றன. சிலிண்டர் லாரி ஒன்று 15-ஆவது வளைவில் சாய்ந்து, நாலைந்து சிலிண்டர்களின் வால்வு உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். எல்.பி.ஜி. வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது மேலே எழும்பிக் கலைந்துபோகாது. ஓடைப் பள்ளத்தைத் தேடி வழியும். திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வாயுவாக விரியும்போது ஏறத்தாழ 250 லிட்டர் ஆகும். கசியும் இடத்தில் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை உறையவைத்து வெள்ளைப் புகைபோலத் தெரியும். சமவெளியில் இந்த வெண்மேகம் ஓரளவுக்கு எச்சரிக்கை. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் எது பனி, எது வாயு என்று எந்தக் கண்ணும் பிரித்துச் சொல்லாது. வெண்மை முடியும் இடத்தோடு வாயு முடிந்துவிடுவதுமில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. 2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து கோவைக்கு வந்த சுமார் 18 டன் எல்.பி.ஜி. டேங்கர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. தொட்டி வண்டியிலிருந்து கழன்று விழுந்து, வாயு கசியத் தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, சாலைகள் அடைக்கப்பட்டன. பல மணி நேரத்துக்குப் பிறகு தொட்டி நிமிர்த்தப்பட்டு அகற்றப்பட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர் அருகே நெடுஞ்சாலையில் நடந்ததும் எல்.பி.ஜி. டேங்கர் விபத்துதான். அங்கே பரவிய வாயு தீப்பற்றியதில் பலர் கருகி இறந்தார்கள். கோவையில் அன்று மேம்பாலத்தில் நின்ற ஒவ்வொருவரும் ஜெய்ப்பூரை மனதில் வைத்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். கோவையையும் சேலத்தையும் இணைப்பது ஒரே நெடுஞ்சாலை. அதில் ஓடும் டேங்கர்கள் ஏற்காடு அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் போய்வருகின்றன.

இத்தகைய இடத்துக்குப் போகும் தீயணைப்பு வீரருக்கு முதல் கேள்வி, எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பது. அதற்குப் பதில் சொல்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. நான்கு வாயு மீட்டர் என்பார்கள். ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் காட்டும். சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அபாய அளவைத் தொட்டதும் அலறும், விளக்கு மின்னும், அதிரும்.

அதன் திரையில் தீப்பற்றும் வாயுவுக்கு நேரே 10 என்று வந்தால் காற்றில் பத்து சதவீதம் வாயு இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. எல்.இ.எல். எனப்படும் தீப்பற்றும் கீழ்வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்பதே அதன் பொருள். எல்.பி.ஜி.க்கு அந்த வரம்பு காற்றில் சுமார் 2 சதவீதம். ஆகவே 10 என்பது வெறும் 0.2 சதவீதம். அந்த அளவிலேயே பின்வாங்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. பத்தடிக்குப் பத்தடிச் சமையலறை ஒன்றின் காற்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான வாயு கலந்தால் போதும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23 அன்று விடியற்காலையில் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கசிந்திருந்த வாயு வெடித்து, அடுத்தடுத்த வீடுகளும் இடிந்து விழுந்தன. இறந்தவர்களில் அங்கே குடியிருந்த தீயணைப்புத் துறைக்காரர் ஒருவரும் உண்டு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு நெருப்பை அணைத்தவர் தம் வீட்டிலேயே போனார்.

மீட்டர் வைத்திருந்தாலும் அதைப் படிக்கத் தெரியாவிட்டால் ஆபத்துத்தான். தீப்பற்றும் வாயுவை அளக்கும் சென்சார்களில் பெரும்பாலானவை, வாயுவைத் தமக்குள்ளே சிறிதளவு எரித்துப் பார்த்து அளப்பவை. எரிய ஆக்சிஜன் வேண்டும். வாயு அளவுக்கு மீறித் தேங்கிய பள்ளத்தில் மீட்டரை நீட்டினால் எண் விறுவிறுவென்று 100-ஐ நோக்கி ஏறி, பிறகு சட்டென்று கீழே இறங்கிவிடக் கூடும். எரிக்க அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதே காரணம். இறங்கிய எண்ணை மட்டும் பார்ப்பவர், ஆபத்து நீங்கிவிட்டதென்று அடியெடுத்து வைப்பார். பழகிய கண் ஆக்சிஜன் எண்ணையும் சேர்த்தே பார்க்கும். தூய காற்றில் அது 20.9. அது ஒரு புள்ளி குறைந்து 19.9 ஆனால், ஏதோ ஒரு வாயு காற்றில் ஏறத்தாழ ஐந்து சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அது நச்சாக இருந்தால் ஒரு மூச்சுக்கே ஆள் சாய்ந்துவிடுவார். எந்த வாயு என்று மீட்டருக்குத் தெரியாமல் போகலாம். ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை ஆக்சிஜன் எண் சொல்லிவிடும்.

இந்த ஆக்சிஜன் எண்ணில்தான் ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை ஒரு தனிச் சிக்கலை வைத்திருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, மேலேயும் 20.9 சதவீதம்தான். ஆனால் சில வகை சென்சார்கள் விகிதத்தை அளப்பதில்லை, ஆக்சிஜனின் அழுத்தத்தை அளக்கின்றன. அத்தகைய கருவியைச் சேலத்தில் சரிபார்த்துவிட்டு மலையேறினால், ஏற்காட்டின் ஒண்டிக்கடை ரவுண்டானாவின் சுத்தமான காற்றிலேயே அது 18 என்று காட்டிக் கத்தும். 19.5-க்குக் கீழே போனால் அலற வேண்டும் என்றுதான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு வகை சென்சார்கள் சில நிமிடம் தடுமாறித் தாமே நிலைக்கு வந்துவிடும். கையில் இருப்பது எந்த வகை என்று வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே போய் வீணாகக் கத்துவதால் பெரிய கேடு இல்லை, எரிச்சல்தான். கேடு இறங்கும்போது வருகிறது. மலையில் சரிசெய்த கருவியை அப்படியே எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வந்து, ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் விட்டுப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். உள்ளே உண்மையில் ஆக்சிஜன் 17.5 சதவீதம். கருவி 20.3 என்று காட்டும். 20.3 பாதுகாப்பான எண். ஆள் இறங்குவார். ஆகவே மலைக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போகும் கருவியை, வேலை நடக்கும் உயரத்திலேயே, சுத்தமான காற்றில் நின்று திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஓடும் லாரியின் புகைக்குழாய் பக்கத்தில் நின்று சரிசெய்தால் அந்தப் புகையையே அது தூய காற்றென்று எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு பாடத்தைச் சேலம் மாவட்டத்தில் மீட்டர் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பேன்.

அடுத்தது, எங்கே நிற்பது. பயிற்சியில் இரண்டு விதிகள் சொல்வார்கள்: மேட்டுப் பக்கம் நில், காற்று உன் முதுகில் அடிக்கும்படி நில். சமவெளியில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மலைச்சரிவில் பகலில் வெயில் ஏற ஏறக் காற்று கீழிருந்து மேலே வீசும். இருட்டிய பின் மேலிருந்து கீழே இறங்கும். பகலில் வளைவுக்கு மேலே நின்றால் காற்று வாயுவை முகத்துக்குக் கொண்டுவரும். கீழே நின்றால் கனமான வாயு காலடிக்கு வழிந்து வரும். இரண்டு விதிகளும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. எந்தப் பக்கம் பாதுகாப்பு என்பதை இருபுறமும் அளந்துதான் முடிவு செய்ய முடியும். அளக்கும்போது மீட்டரை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் கணுக்காலளவில் ஓடும் எல்.பி.ஜி. அகப்படாது, குனிந்து தரையோரம் காட்ட வேண்டும். சேலத்திலிருந்து ஏறிவரும் தீயணைப்பு வண்டிக்கு இன்னொரு சோதனை: விபத்து நடந்த வளைவை அடையும் முன்பே வாயு அதை எதிர்கொள்ளலாம். ஓடும் இன்ஜினே நெருப்பு மூட்டும். மூன்று நான்கு வளைவுக்கு முன்னதாகவே வண்டியை நிறுத்தி, ஒருவர் மீட்டரோடு நடந்து முன்னே போவது தாமதம்போலத் தோன்றும். அந்தத் தாமதத்துக்கு நாம் பொறுமை காக்கத்தான் வேண்டும்.

ஹார்ன் அடிக்காதீர்கள், படம் பிடிக்க இறங்காதீர்கள் என்று வரிசையில் நிற்கும் சுற்றுலா வண்டிகளுக்கு யார் சொல்வது? கோடை விழா நாட்களில் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

நான்கு வாயு மீட்டர் காட்டாதவையும் உண்டு. சேலம் மாவட்டத்தின் மேட்டூரில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. குளோரின் வழக்கமாக 900 கிலோ பிடிக்கும் டன்னர் என்ற உருளைகளில் லாரி ஏறிப் போகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரு பிபிஎம் என்கிறோம். 10 பிபிஎம் குளோரினே உடனடி உயிராபத்து என்று கணக்கிடப்படுகிறது. நான்கு வாயு மீட்டருக்குக் குளோரினைத் தெரியாது. பெயிண்ட், பெட்ரோல், ஸ்டைரீன் போன்றவற்றின் ஆவியைப் புற ஊதா விளக்கால் கண்டுபிடிக்கும் பி.ஐ.டி. என்ற விலையுயர்ந்த கருவிக்கும், அதில் வழக்கமாகப் போடும் விளக்கு இருக்கும்வரை, குளோரினைத் தெரியாது. அந்த பி.ஐ.டி.க்குப் பனிமூட்டமும் ஆகாது. ஈரம் படிந்தால் எண் தானாக ஏறும், அல்லது இருப்பதைக் குறைத்துக் காட்டும். குளோரினுக்கென்று தனி சென்சார் வேண்டும். குளோரின் டன்னரைக் கையாளும் தொழிலாளர்கள் அமோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி வால்வருகே காட்டுவார்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் அடர்ந்த வெள்ளைப் புகை எழும். எத்தனை கருவி வந்தாலும், கசியும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க இந்தத் துணி இன்றும் உதவுகிறது.

எண்ணூரில் நடந்தது வேறொரு பாடம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய நேரத்தில் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாயிலருகே அளந்தபோது கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக அறிவித்தது, அனுமதிக்கப்பட்டது 400. ஐந்து மடங்கு. அதே 2,090 மைக்ரோகிராமை அவசரப் பணியாளரின் அளவையில் சொன்னால் சுமார் 3 பிபிஎம். அமோனியா மீட்டர்கள் பொதுவாக 25 பிபிஎம்மில்தான் அலறத் தொடங்கும். மக்கள் மருத்துவமனையில் கிடக்க, கருவி வாய் திறக்காது. கருவி பொய் சொல்லவில்லை. வாயு உச்சத்தில் இருந்தபோது அளக்க அங்கே கருவி இல்லை. கருவி வந்தபோது வாயு பெரும்பகுதி போய்விட்டது.

திருவொற்றியூரில் 2024 அக்டோபர் 25 அன்று ஒரு தனியார் பள்ளியில் 30-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொண்டை எரிச்சலும் மயக்கமும் வந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சோதித்தது. நடமாடும் காற்றுத் தர வண்டியும் வந்தது. வாயு எதுவும் பிடிபடவில்லை. பள்ளி திறந்ததும் மீண்டும் சிலருக்கு அதே தொல்லை. இத்தகைய நேரத்தில், ஒன்றுமில்லை என்ற அறிக்கையைப் பெற்றோர் நம்புவதும் கடினம், அளந்தவர் தவறு செய்தார் என்பதும் நியாயமில்லை. நேரம் தப்பிய அளவீடு எதையும் மெய்ப்பிப்பதில்லை. இரசாயன, அணுக்கதிர் ஆபத்துகளுக்கெனப் பயிற்சி பெற்ற அந்தப் படையின் பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. திறமையானவர்கள், நல்ல கருவிகள் உள்ளவர்கள். அங்கிருந்து சேலம் வந்து, மலையேறிச் சேர மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் மீட்டர் முதலில் இருக்க வேண்டிய இடம் பக்கத்துத் தீயணைப்பு நிலையம், எரிவாயுக் கிடங்கு, எஸ்டேட் அலுவலகம், பேரூராட்சி, ஊராட்சி என்று சொல்கிறேன். சில பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கும் பொருள் இது.

வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. சென்சார்கள் பல இரண்டு மூன்று ஆண்டில் ஆயுள் முடிந்துவிடும். செத்துப்போன ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரும் 0 காட்டும். நல்ல சென்சாரும் தூய காற்றில் 0 காட்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துப் பார்ப்பது. தண்ணீர் பாட்டில் அளவுள்ள சிறு சிலிண்டரில் 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு, 100 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு என்று கலந்து விற்கிறார்கள். மூடியை மீட்டரின் முகத்தில் பொருத்தி, திருகைத் திறந்தால் அரை நிமிடத்தில் நான்கு எண்களும் அசைய வேண்டும். நான்கு அலாரமும் கேட்க வேண்டும். ஒன்று அசையாவிட்டால் அன்றைக்கு அந்தக் கருவி வேலைக்கு ஆகாது. பம்ப் டெஸ்ட் என்பது இதுதான். தினமும் வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டும். அந்தச் சிறு சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. கருவி வாங்க நிதி ஒதுக்குபவர்கள், ஆண்டுதோறும் இந்த வாயுவுக்கும் புது சென்சாருக்கும் ஒதுக்காவிட்டால், மூன்றாம் ஆண்டில் கையில் இருப்பது வெறும் பெட்டி.

ஏற்காட்டில் மிகப் பெரிய ஆபத்து எதுவென்று என்னைக் கேட்டால் டேங்கரைச் சொல்ல மாட்டேன். விடுதிகளின் முற்றத்துக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்கைச் சொல்வேன். தங்கும் விடுதிகள் பெருகப் பெருகத் தொட்டிகளும் பெருகின. காப்பி எஸ்டேட்டுகளில் பழத்தின் தோலை உரித்த கழிவுநீர் தேங்கும் குழிகளும் உண்டு. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் கணக்கில் 1993 முதல் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது நம் தமிழ்நாடு. தலைகுனிய வேண்டிய முதலிடம்.

அங்கே உயிர் எடுப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மோப்ப நரம்பு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். காற்று வந்துவிட்டது என்று நினைப்பவர் இன்னும் உள்ளே போவார். 1,000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சில் சாய்வார். மேலே நிற்கும் அண்ணனோ தம்பியோ, சக தொழிலாளியோ பதறி இறங்குவார். அவரும் சாய்வார். மூடிய இடங்களில் நடந்த இறப்புகளை 1980-களில் ஆராய்ந்த அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம், இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டது. நம் ஊர்ச் செய்திகளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று வருவதற்கும் இதுதான் காரணம். அன்புதான் அவர்களை இறக்குகிறது. “இரு தம்பி, மீட்டரை விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று தடுக்க அந்த இடத்தில் ஒரு குரல் இருந்திருந்தால் இரண்டாவது உயிராவது மிஞ்சியிருக்கும்.

மனிதர் மலக்கழிவில் இறங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தவிர்க்க முடியாத விதிவிலக்குகளுக்கு வாயு அளக்கும் கருவி, மூச்சுக்கருவி உள்ளிட்ட பட்டியலை அதன் விதிகள் வைத்திருக்கின்றன. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்துவது நியாயம். அந்தத் தொகையில் ஒரு மாவட்டத்தின் பல ஊராட்சிகளுக்கு மீட்டர் வாங்கிப் பராமரிக்கத் தொடங்கிவிடலாம் என்பதை அதிகாரிகள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் விடுதியோ வீடோ வைத்திருப்பவர்கள் தொட்டியைச் சுத்தம் செய்ய உறிஞ்சு லாரியைத்தான் அழைக்க வேண்டும். வண்டிக்காரர் அடியில் தங்கிய கசடுக்கு ஆளை இறக்கட்டுமா என்று கேட்டால் மறுக்க வேண்டும். ஆளை இறக்குவதைப் பார்த்தால் 14420-இல் புகார் சொல்லலாம். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் 101 அல்லது 112. எத்தனை பேர் உள்ளே, தொட்டி எவ்வளவு ஆழம், நாற்றம் எப்படி, லாரி விபத்தென்றால் எந்த வளைவு, வண்டியின் ஆரஞ்சு நிறப் பலகையில் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண் என்ன என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த எண் 1075 என்றால் எல்.பி.ஜி., 1017 என்றால் குளோரின், 1005 என்றால் அமோனியா. எந்த சென்சாரை எடுத்துக்கொண்டு எந்த மூச்சுக்கருவியோடு மலையேற வேண்டும் என்பதை அவர்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வார்கள்.